நண்டுக்குப் பதில்

பிறப்புச் சான்றிதழ் பக்கத்துக்கு நானூறு.
இறப்புக்கும் அதே.
பிரெஞ்சில் அடித்து, முத்திரை குத்தி
மறுநாள் மாலை தந்துவிடுவேன்.
பாட்டுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
ஜெனோவா சொன்னாள்:
"பாடுற மாதிரி இருக்கணும் மேடம்.
மெட்டு ஒரு முடி நகரக்கூடாது."

போன வருஷம் வில்லியனூர் போகும்
எல்லா டெம்போவிலும் அலறிய பாட்டுதான்.
நெஞ்சுக்குள்ள நண்டு
நடக்குதடி நின்னு நின்னு.
அதை மாப்பிள்ளை எத்தியேன்
அவன் பாஷையில் பாடவேண்டும்,
லியோனிலிருந்து வரும் நாற்பது பேருக்கும்
நெல்லித்தோப்பின் நானூறு பேருக்கும்.

அர்த்தம் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது.
அது எப்போதும் அப்படித்தான்,
நாற்காலி போடுவதற்குள் வாசலில் நிற்கும் விருந்தாளி.
மிச்சம் எல்லாம் வரத்தான் பத்து நாள்.

"நடக்குதடி"யின் அந்த டி-க்கு
பிரெஞ்சில் ஆள் இல்லை.
அதட்டலா கொஞ்சலா என்பது எனக்கே
சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.
அஜந்தா சிக்னலில்
பதினைந்து அசைக்கு விரல் பத்தாமல்
ஹேண்டில்பாரில் தட்டி எண்ணினேன்.
பச்சை விழுந்து, போய், மறுபடி சிவப்பு.
பின்னால் நின்றவர் என் குலத்தையே விசாரித்தார்.

நண்டுதான் முதலில் கிடைத்தது.
மெட்டு ஏறிப்போய் நிற்கிற இடம் அது,
நண்-ணில் நாலு தட்டு,
பிறகு டு.
அந்த உ முழு உ இல்லை.
குற்றியலுகரம், அரை மாத்திரை,
ஒன்பதாம் வகுப்பில் மார்க்குக்காகப் படித்தது.
உதடு குவிவதற்குள் போய்விடும்.
அவர்களுடைய நண்டுக்கும் அப்படியொரு வால்:
கிராப்.
எழுத்தில் கடைசியில் ஓர் உயிர் நிற்கும்,
பேச்சில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை,
பாடும்போது மட்டும் உட்கார இடம் கொடுப்பார்கள்.
அங்கேயும் வாய் ஆ-வென்று திறக்கிறது.
இரண்டு நண்டும் ஒரே வளையில்.
அன்று ராத்திரி எனக்கு நானே
ஒரு பிளேட் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

வீடியோவில் எத்தியேன் பாடிப் பார்த்தான்.
அந்தச் சொல் வந்ததும் நிறுத்தினான்.
அவன் நர்ஸ்.
அவன் வார்டில் அந்த நோய்க்கு
அதுதான் செல்லப்பெயராம்.
"அப்பாவுக்கும் அதுதான்" என்றான்.
பிறகு, ரொம்ப மரியாதையாக,
"மாற்றினால் மெட்டுக்குக் கஷ்டமா?"

கஷ்டம்தான் என்று சொல்லவில்லை.
அந்த வாரம் மட்டும் மூன்று மருத்துவ அறிக்கைகளில்
அந்த நோயின் முழுப்பெயரை
கை நடுங்காமல் அடித்திருந்தேன்.

மீனைப் போட்டேன், மூக்கில் முடிந்தது.
பட்டாம்பூச்சிக்கு மூன்று அசை,
தவிர அது எல்லார் வயிற்றிலும் பறந்து களைத்தது.
இறால்? சிரிப்பார்கள்.
கடைசியில் குருசுக்குப்பத்தில்
பாறைமேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது
அலை.
அவர்களுக்கு வாக்.
பெரிய ஆ, பின்னால் அதே அரை உயிர்.
வாகாக உட்கார்ந்தது.

ஆனால் அலை நின்னு நின்னு நடக்காது.
பக்கவாட்டில் போகிற அந்தத் திருட்டு நடையும்
கூச்சமும் போயே போச்சு.
நஷ்டக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ரெட்டியார்பாளையம் மண்டபம்.
மைக் ஒருமுறை கீச்சிட்டது.
எத்தியேன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்,
ஒரு அசை பிசகவில்லை.
இரண்டாம் தடவை பல்லவி வந்ததும்
நெல்லித்தோப்பு பொறுக்கவில்லை.
அவன் வா என்று ஏறும்போது
நானூறு தொண்டை நண் என்று ஏறியது.
எனக்கு வயிறு கலங்கியது.
அவனோ கண்ணைத் திறந்து
ஜெனோவாவைப் பார்த்துச் சிரிக்கிறான்,
தமிழ் நண்டு கடிக்காது போல.

பக்கத்து நாற்காலி ரோஸ்லின் அக்கா
ஐஸ்கிரீம் கரண்டியோடு என் பக்கம் சாய்ந்தாள்:
"வாக்கு வாக்குன்னு உருகுறானே புள்ள,
அப்படி என்ன வாக்கு குடுக்குறான்?"

அலை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது.